புல்வெளியில் ஒரு பேசின் பந்தயம்

பிள்ளைகளே, ஹோட்டலில் ரூம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். கட்டில் விரிப்பை எப்படி மடிப்பது என்று சொல்லித்தர உங்கள் சூப்பர்வைசர் இருக்கிறார். விருந்தினரைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்பதற்கு வகுப்பே வைக்கிறார்கள், படமெல்லாம் போட்டுக் காட்டுகிறார்கள். வேலையை விட்டு அலுவிகாரையில் வீட்டோடு கிடக்கிற எனக்குச் சொல்ல மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். முகம் கழுவுகிற பேசின் மிச்சம் இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

பேசின் பேசினால் என்ன பேசும் என்று யாரும் கேட்பதில்லை. நான் என் உத்தியோக காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். முக்கால்வாசி நேரம் அது திட்டும். என்னை ஏன் இந்த வடிவத்தில் வாங்கினாய், என் இடுக்குக்குள் உன் விரல் போகுமா என்று திட்டும். சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஒரு பேசினால் ஆறு பெண்களுடைய வேலை போகப் பார்த்தது, அதைச் சொல்லப் போகிற எனக்கே சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. உங்களை எப்படிக் கோபிக்க முடியும்?

நான் கடைசியாக வேலை செய்தது சீகிரியாவில், குன்று கண்ணுக்கு நேரே தெரிகிற ஒரு சின்ன ஹோட்டலில். ஹவுஸ்கீப்பிங் முழுக்க என் பொறுப்பு. முதலாளி மாத்தளை டவுன்காரர், தலைமுறை தலைமுறையாக வியாபாரக் குடும்பம். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்பதால் எல்லாரும் ஹாஜியார் என்றே கூப்பிடுவோம். நல்ல மனிதர். கோபம் வந்தால் கூரை அதிரக் கத்துவார், கத்தி முடிந்ததும் பால் போடாத தேநீர், பிளேன்டி, கேட்பார். பிளேன்டி வந்துவிட்டால் எதற்காகக் கத்தினார் என்பது அவருக்கே மறந்துவிடும்.

ரூம் வேலைக்கு என் கீழே ஆறு பெண்கள். அவர்களில் இரண்டு பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். ஒருத்தி செல்வி, இறத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்தான். மற்றவள் குமாரி, சீகிரியா கிராமத்துச் சிங்களப் பிள்ளை. துக்கச் செய்தி சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிற ஜாதி. இரண்டு பேரும் ஒரே ரூமுக்குள் போனால் வேலை நடக்கிறதா, கல்யாண வீடு நடக்கிறதா என்று வெளியே நிற்கிறவருக்குத் தெரியாது.

அது நாட்டுக்கு மறுபடியும் வெளிநாட்டுக்காரர் வரத் தொடங்கிய காலம். எத்தனையோ நாள் பூட்டிக்கிடந்த ரூமெல்லாம் நிரம்பி வழிந்தது. காலையில் போகிறவர்கள் போவதற்கும் பகல் இரண்டு மணிக்கு அடுத்தவர்கள் வருவதற்கும் நடுவில் இருப்பதுதான் நம்முடைய நேரம், அது உங்களுக்கும் இதற்குள் விளங்கியிருக்கும். எங்களுக்கு அந்த நேரம் போதவில்லை. குன்று ஏறி இறங்கி, வேர்த்து விறுவிறுத்து வந்தவர்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு லொபியில் உட்கார்ந்து எங்களை முறைத்தார்கள். பிந்துவதற்குக் காரணம் கட்டில் இல்லை, தரையும் இல்லை. பாத்ரூமில் இருந்த பழைய பேசின்தான். வெடிப்பு விழுந்து, வெடிப்புக்குள் அழுக்கு குடியேறி, பல் துலக்கும் பிரஷ்ஷால் குத்திக் குத்தி எடுக்க வேண்டியிருந்தது.

ஹாஜியார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு இரண்டு செய்தி சொன்னார். முதலாவது, பாத்ரூம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்யப் போகிறார். எனக்கு வாயெல்லாம் பல். இரண்டாவது, கொழும்பில் துப்புரவு வேலையைக் கொன்ட்ராக்ட் எடுக்கிற ஒரு கம்பெனி அவரிடம் வந்து போயிருக்கிறது. அவர்கள் எடுத்தால் அவர்களுடைய ஆட்களைத்தான் கொண்டுவருவார்கள்.

“திருத்த வேலை முடிஞ்ச பொறகும் ரெண்டு மணிக்கு ரூம் தயாரா இல்லாட்டி, நான் என்ன செய்ய மிஸ்? குடுத்துடுவேன். மனசுல வெச்சிக்கோங்க,” என்றார்.

சுவருக்கும் காது இருக்கும் என்பார்கள், எங்கள் ஹோட்டல் சுவருக்கு வாயும் இருந்தது. நான் படி இறங்குவதற்குள் ஆறு பேருக்கும் தெரிந்துவிட்டது. செல்வி கையில் துவாய்க்கட்டோடு வந்து, “மிஸ், எங்கள நிப்பாட்டிருவாங்களா?” என்று கேட்டாள். போடி பைத்தியம் என்று அவளை விரட்டிவிட்டேன். விரட்டிவிட்டு லினன் ரூமுக்குள் போய்த் தனியாக நின்றேன்.

பிறகு ஷாமினி வந்தாள். கொழும்பில் படித்த டிசைனர் பிள்ளை, கெட்டிக்காரி, என்னை அன்டி அன்டி என்று சுற்றிச் சுற்றி வந்தாள். மாத்தளைக் கடையிலிருந்து சாம்பிள் பேசின்களை ஒரு சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். இறக்கினார்கள். முதலில் இறங்கியது ஒரு கறுப்புக் கல் கிண்ணம். மேசை மாதிரி ஒரு பலகை அடித்து, அதன் மேல் சட்டியைத் தூக்கி வைத்தது போல வைக்கிற வகை. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஹாஜியார் அதைத் தடவிக்கொடுத்த விதத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மனம் அங்கே போய்விட்டது. டவுனில் தம் வீட்டுக்கே ஒன்று வாங்கி வைத்திருக்கிறாராம், கண்ணாடி போல மினுங்குகிறதாம். இந்தக் காலத்து விருந்தினர் பாத்ரூமுக்குள் போனதும் முதலில் படம் எடுத்துப் போடுகிறார்கள், அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்த ஆள் வருகிறான் என்றார். அதுவும் உண்மைதான். மறுக்க முடியாது.

ஆனால் என் கண் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கிண்ணத்துக்கு உள்பக்கம் துடைக்க வேண்டும். வெளிப்பக்கம் துடைக்க வேண்டும். அடியைச் சுற்றித் துடைக்க வேண்டும். பின்னால், சுவருக்கும் அதற்கும் நடுவே, தலைமுடி எல்லாம் போய்ச் சேருகிற அந்தச் சந்தைத் துடைக்க வேண்டும். ஒரு பேசின் என்று பெயர், உள்ளுக்குள் நாலு பேசின் வேலை. இதை ரூமுக்கு ஒன்று வைத்தால் இரண்டு மணி என்பது கனவு. ஆறு பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

நான் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஷாமினிக்கு அன்று பொழுது சாய்வதற்குள் கடைக்குச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சரக்கு வேறு ஹோட்டலுக்குப் போய்விடும் என்றாள். ஹாஜியார் போனை எடுத்தார். எனக்கு எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று இன்றுவரை தெரியாது. என் வாய் என்னைக் கேட்டு எதையும் செய்வதில்லை.

“பந்தயம் வெச்சிப் பார்ப்போமா ஹாஜியார்? எந்தப் பேசின் சுருக்காச் சுத்தமாகுதுன்னு?” என்றேன்.

பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூட நாளில் ஓட்டத்தில் கப் வாங்கியவர், அது ஷோகேஸில் இன்னும் இருக்கிறது என்பது எங்கள் எல்லாருக்கும் பாடம். போனைப் பைக்குள் போட்டார். சட்டைக் கையை மடித்தார். “என்ட பேசின நானே கழுவுறேன்,” என்றார்.

அடுத்த கொஞ்ச நேரத்தில் ஹோட்டலே பின்பக்கப் புல்வெளிக்கு வந்துவிட்டது. சமையலறைச் சுவரோடு சேர்த்து மர வாங்குகளைப் போட்டு, பேசின்களை வரிசையாக வைத்தார்கள். கறுப்புக் கிண்ணம் ஹாஜியாருக்கு. கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருந்தது, அது ஷாமினிக்கு. தரையில் கால் ஊன்றி நிற்கிற வெள்ளைப் பேசினை நான் பாய்ந்து எடுத்துக்கொண்டேன், அதுதான் நான் வாழ்நாளெல்லாம் துடைத்த வகை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு இல்லையா? மிஞ்சியது ஒரே ஒரு சாதாரண வெள்ளைப் பேசின். ஸ்டாஃப் டொய்லெட்டுக்கு என்று ஷாமினி கொண்டுவந்தது. சுவரில் பொருத்துவது, பலகையும் பேசினும் ஒரே வார்ப்பு, விளிம்பு இல்லை, மூலை இல்லை, அடியில் எதுவும் இல்லை. யாரும் எடுக்காததால் செல்விக்கு வந்தது. அவள் முகம் சுண்டிப்போனது.

எல்லாவற்றையும் ஒரே மாதிரி அழுக்காக்க வேண்டும் என்பது நியாயம். அந்தப் பொறுப்பைக் குமாரி எடுத்துக்கொண்டாள். பற்பசையைப் பிழிந்தாள். சவர நுரையை அள்ளி வைத்தாள். தேங்காய் எண்ணெய் ஊற்றினாள். கடைசியில் குன்று இறங்கி வந்த ஒரு விருந்தினரின் சப்பாத்தைக் கேட்டு வாங்கி, அதில் ஒட்டியிருந்த செம்புழுதியைத் தட்டித் தட்டி ஒவ்வொன்றிலும் போட்டாள். குன்றிலிருந்து வருகிறவர்கள் காலைத் தூக்கிப் பேசினுக்குள் வைத்துக் கழுவுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம், அதனால் புழுதி இல்லாமல் சோதனை இல்லை என்றாள். சப்பாத்துக்காரர் எதற்கென்று புரியாமலே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் சமையல்காரர் கோக்கி ஐயா தாச்சிச் சட்டியையும் கரண்டியையும் தூக்கினார், தட்டினால் பந்தயம் தொடங்கும். தட்டுவதற்குள் மாரா மரத்திலிருந்து ஒரு குரங்கு தொப்பென்று குதித்தது. அதற்கு வேண்டியது பற்பசை. எடுத்துக்கொண்டு திரும்புகிற வேகத்தில் கண்ணாடிக் கிண்ணத்தை ஓர் உதை. கிண்ணம் உருண்டு, சீமெந்தில் விழுந்து, தூள். ஷாமினி புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் நீர் வழிந்தது. கண்ணாடியை எடுக்க வேண்டாம் என்று தானே சொல்ல இருந்ததாகவும், குரங்கு முந்திக்கொண்டதாகவும் சொன்னாள். அவள் நேரம் பார்க்கிறவள் ஆனாள்.

தாச்சி முழங்கியது. நான் உள்பக்கத்தை நொடியில் முடித்தேன். விளிம்பு முடித்தேன். பிறகு பேசினின் காலுக்கும் சுவருக்கும் நடுவே எண்ணெய் வழிந்திருந்ததே, அதைத் துடைக்கக் கையை விட்டேன். கை போனது. வரவில்லை. வளையல் எங்கேயோ மாட்டிக்கொண்டது. ஆப்பிழுத்த குரங்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அன்று சீகிரியாவில் நேரில் பார்த்தார்கள். குமாரி எனக்கு உதவி செய்ய வந்து, சிரித்துச் சிரித்துக் கால் துவண்டு என் பக்கத்திலேயே விழுந்தாள். வளையலுக்குச் சவர்க்காரம் தடவி என்னை விடுவித்தபோது பந்தயம் முடிந்திருந்தது.

முதலாவதாக வந்தவர் ஹாஜியார். கோக்கி ஐயா வெள்ளை நப்கினால் கறுப்புக் கிண்ணத்தைத் துடைத்துப் பார்த்தார், நப்கின் வெள்ளையாகவே இருந்தது. செல்வி இரண்டாவது, அவள் பயத்தில் ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். ஹாஜியார் இரண்டு கையையும் தூக்கினார், பள்ளிக்கூடத்துக் கப் மறுபடி கிடைத்த மாதிரி. பிறகு போனை எடுத்தார். செல்வி துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள், அதில் பிழிய ஒரு சொட்டுத் தண்ணீர் கூட இல்லை.

பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். நெருக்கடி வரும்போது எல்லாரும் வேகமாக எதையாவது செய்யச் சொல்வார்கள். சில நேரம் செய்ய வேண்டியது, கொஞ்சம் காத்திருப்பது. எனக்கு ஒன்று தெரியும். அந்தக் கறுப்புக் கல்லில் இன்னும் ஈரம் காயவில்லை.

“பிளேன்டி குடிச்சிட்டுச் சொல்லுங்களேன் ஹாஜியார், வேர்த்திருக்கீங்க,” என்றேன்.

இஞ்சி போட்ட பிளேன்டி வந்தது. கூடவே கோக்கி ஐயா சுடச்சுட வடை கொண்டுவந்தார், அவர் என் கண்ணைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டார். நான் ஹாஜியாரிடம் அந்த ஓட்டப்பந்தயக் கதையைக் கேட்டேன். எத்தனையாவது தடவை என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும், ஆனால் அன்று போல ஆர்வமாக நான் அதைக் கேட்டதே இல்லை. அந்தக் கடைசி வளைவில் எப்படி முந்தினீர்கள் என்று திரும்பவும் கேட்டேன். அவர் வளைவைக் கையால் வரைந்து காட்டினார். வெயில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோப்பையை வைத்துவிட்டு அவர் தம் பேசின் பக்கம் திரும்பினார். கறுப்புக் கிண்ணத்தில் சுண்ணாம்பை விரலால் தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு சொட்டும் காய்ந்த இடத்தில் ஒரு வட்டம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், கறுப்புப் பேசினின் புளுகு ஒரு பிளேன்டிக்குத்தான். சவர்க்காரம் போகவில்லை என்று நினைத்து அவர் இன்னும் ஒரு வாளி ஊற்றிக் கழுவினார். காய்ந்தது. இன்னும் கூடிற்று. குமாரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“எங்கட ஊட்டுல ஈக்கிற பேசின் இப்பிடி இல்லையே மிஸ்,” என்றார். குரலில் கத்தல் இல்லை, உண்மையான குழப்பம்.

“அது மாத்தள டவுன் தண்ணிங்க ஹாஜியார், மலையில இருந்து வருது. இங்க குழாய்க் கிணத்துத் தண்ணி. கிவுல்,” என்றேன்.

கிவுல் என்று சிங்களத்தில் சொல்வது சுண்ணாம்பு கலந்த கடினத்தண்ணீரை. இந்தப் பக்கத்துக் கேத்திலுக்குள் எட்டிப் பார்த்தால் வெள்ளைப் படிவாக அதன் கைவேலை தெரியும். டவுனில் இருந்துகொண்டு பேசினைத் தேர்ந்தால் டவுன் தண்ணீருக்குத்தான் தேர்வோம். மனிதர் அதை உடனே பிடித்துக்கொண்டார், வியாபாரி அல்லவா? பிடித்துக்கொண்டவர் அதோடு நிற்கவில்லை. நேராகச் செல்வியின் பேசினிடம் போனார். விரலை வைத்து மெதுவாக ஓட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப இதுலயும் அதே தண்ணிதானே ஊத்தின? வெள்ளையில வெள்ள தெரியல்ல, அவ்வளவுதானே மிஸ்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் வேலை முடிந்தது. செல்வியின் கண் அந்தச் சொல்லைக் கெஞ்சிக் கேட்டது. ஆனால் அவர் விரலில் வெள்ளை ஒட்டியிருக்கிறது, நான் எதைச் சொல்ல? ஆமாம், இதிலும் இருக்கிறது என்றேன். ஆனால் அதை எடுத்துப் பாருங்கள் என்று ஒரு தேசிக்காயை, எலுமிச்சையைத்தான், இரண்டாக வெட்டிக் கொடுத்தேன்.

செல்வியின் பேசினில் அவர் கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே இழுப்பில் போய் வந்தது. தடுக்க ஒன்றுமில்லை, நுழைய முடியாத இடமும் இல்லை. தண்ணீர் ஊற்றித் துடைத்தார். விரலை ஓட்டினார். வழுக்கியது. பிறகு கறுப்புக் கிண்ணத்துக்கு வந்தார். தேசிக்காய் பட்ட இடத்தில் கல்லின் மினுக்கம் செத்துத் திட்டுத் திட்டாகப் போனது. கிண்ணத்தின் அடிக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்தார். விரல் தடிப்பு, சந்து சின்னது. குனிந்தார், எட்டிப் பார்த்தார், பற்பசை அங்கே பத்திரமாக இருந்தது. கறுப்புக் கிண்ணம் அழுக்கை மறைத்தது, அவ்வளவுதான். அழுக்கை மறைக்கிற பேசின் நல்ல பேசின் இல்லை, பிள்ளைகளே. கை போகிற பேசின்தான் நல்ல பேசின். நிறத்தை யாரும் தேர்ந்துவிடலாம், நீங்கள் முதலில் உங்கள் ஐந்து விரலைக் கூட்டிக்கொண்டு போங்கள். என் செல்லப் பேசின் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டதையும் நினைவில் வையுங்கள், பழக்கமானது எல்லாம் நல்லது இல்லை.

ஸ்டாஃப் டொய்லெட் பேசினை வெள்ளைக்காரனுக்கு வைக்கச் சொல்கிறீர்களா, படத்தில் என்ன தெரியும் என்று ஹாஜியார் கடைசியாக ஒரு தடவை முரண்டு பிடித்தார். அதற்குப் பதில் சொன்னது ஷாமினி. பேசினை யாரும் படம் எடுப்பதில்லை, கண்ணாடியில் தெரிகிற தங்களைத்தான் எடுக்கிறார்கள், கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் பின்னால் குன்று தெரியும் என்றாள். ஹாஜியார் அவளைப் பார்த்தார், குன்றைப் பார்த்தார், வெடித்துச் சிரித்தார். கடைக்குப் போன் போட்டு வெள்ளையைச் சொன்னார். பிள்ளைகள் ஆறு பேரும் நானும் புல்வெளியில் ஆடிய ஆட்டத்தைச் சப்பாத்துக்காரர் வீடியோ எடுத்தார், அது எந்த நாட்டில் ஓடுகிறதோ தெரியாது.

ஆனால் வேலை அன்றே நிலைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். திருத்த வேலை முடிந்து ரூம்களைத் திறந்த நாள் அந்தக் கம்பெனிக்காரர் வந்தார். டை கட்டிய, மரியாதையான இளைஞர். இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க ஹாஜியாரே வரச் சொல்லியிருந்தார். நாங்கள் அன்று பறந்தோம். இரண்டு மணிக்கு நிறைய நேரம் இருக்கும்போதே கடைசி ரூமின் கதவு சாத்தியாகிவிட்டது. பிள்ளைகள் ஆறு பேரும் கொரிடோர் படியில் உட்கார்ந்து குமாரியின் கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து முதலாளியும் இளைஞரும் வந்தார்கள்.

இளைஞர் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாக, “ஆறு பேர் சும்மா இருக்கிறாங்களே சேர். எங்களுக்குத் தந்தா இத மூணு பேரோட முடிச்சிடலாம்,” என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. சுத்தம் செய்யச் சுலபமான பேசினைத் தேடிப் பிடித்து, ஆறு பேர் வேண்டாம் என்று நானே நிரூபித்துவிட்டேன். எங்கள் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். படியில் சிரிப்பு அறுந்தது. செல்வி எழுந்து நின்றாள்.

ஹாஜியார் பக்கத்து ரூமைத் திறந்து உள்ளே போனார். புதுப் பேசினில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. முகத்தை லேஞ்சியால் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

“அவங்க சும்மா இல்ல தம்பி. வேலைய முடிச்சிட்டு ஈக்கிறாங்க,” என்றார். “எங்கட பிள்ளைகள் எங்களுக்குப் போதும்.”

பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, ஆறு பேருக்கும் மிஸ்ஸுக்கும் சோற்றைப் போடச் சொன்னார், ஆறுவதற்கு முன்னால். ரூம் வேலைக்காரர் பகல் சோற்றைச் சூட்டோடு சாப்பிட்டது அந்த ஹோட்டலில் அதுதான் முதல் தடவை. செல்வி பருப்பை ஊற்றிக்கொண்டே அழுதாள், குமாரி அவளைப் பார்த்துச் சிரித்தாள், நான் இரண்டையும் செய்துகொண்டு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டேன்.